இதைவிட அசிங்கமான துப்பாக்கி

“இதைவிட அசிங்கமா ஏதாவது இருக்கா?” என்று கேட்டார் கல்கமான்.

கடைக்காரர் போரிஸ் முப்பது வருஷமாகத் துப்பாக்கி விற்கிறவர். விலை குறையுமா, தூரம் போகுமா, பெண்டாட்டிக்குத் தெரியாமல் பில் போட முடியுமா என்று எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிப் பழகியவர். இந்தக் கேள்வி அவருக்குப் புதிது.

“அசிங்கமாவா?”

“ஆமா. மழையில நனையணும், பனியில கிடக்கணும், சேத்துல புதையணும், குதிரை மேலேர்ந்து விழணும். எல்லாம் ஆன பிறகும் வெடிக்கணும். ஆனா பாக்கறவனுக்கு, சீ, இதெல்லாம் ஒரு துப்பாக்கியான்னு தோணணும்.”

போரிஸ் மேஜை மேலிருந்த அக்ரூட் மரக் கட்டை போட்ட துப்பாக்கியை மெல்லத் தடவிக் கொடுத்தார். அதன் மனம் புண்பட்டிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

“இதுக்கு என்ன குறைச்சல்?”

“முதல்ல அதை உள்ள வையுங்க. என் கண்ணுலயே காட்டாதீங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் கல்கமான். உண்மையில் அவருக்கு அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்படி ஒரு அழகு. அந்த அழகுதான் ஆபத்து.

போரிஸ் பெருமூச்சு விட்டு உள்ளே போய், எவர்சில்வர் குழலும் கறுப்பு பிளாஸ்டிக் கட்டையுமாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். “மலைக்குப் போறவங்க கேட்டு வாங்கறது. மரக்கட்டைன்னா ஈரத்துல உப்பும். உப்பினா குழலைத் தள்ளும். காலைல வெச்ச குறி சாயங்காலம் இருக்காது. பிளாஸ்டிக்குக்கு அந்த வம்பு கிடையாது. குழல் துருப்பிடிக்காது. தொலைநோக்கி போடல, அதனால பனியில மூடிக்கற பிரச்சினை இல்ல. தோட்டாவை உள்ள தள்ற இந்த போல்ட்டோட பிடியைப் பாருங்க, தடிமனான கையுறை போட்டுக்கிட்டே இழுக்கலாம். உள்ள பாகங்களும் கொஞ்சம்தான். கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமே இல்ல.”

கல்கமான் போல்ட்டை இழுத்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் வந்தது. மூடினார். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. போன டிசம்பரில் அவருடைய பழைய துப்பாக்கி போட்ட சத்தமும் நினைவுக்கு வந்தது. அது வெறும் ‘டிக்’. குளிரில் உள்ளே எண்ணெய் இறுகிப்போய் ஊசி தோட்டாவைத் தொடவே இல்லை. எதிரே நின்ற ஓநாய் திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு ஓடவில்லை, நடந்தேதான் போனது. அந்தக் குளிர்காலத்தில் மொத்தம் பதினொரு ஆடுகள் போயின. அவருடைய ஆடுகளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. கல்கமான் தாஸ்கெமர் கிராமத்து நாற்பது வீட்டு ஆடுகளையும் மேய்த்துக் காப்பவர். இந்தக் குளிர்காலத்துக்கும் மந்தையை அவர் கையில் கொடுப்பதா வேண்டாமா என்று அக்டோபர் கடைசியில் ஊர் கூடி முடிவு செய்யப் போகிறது. முப்பத்திரண்டு வருஷ வேலை.

“எடுத்துக்கறேன். இன்னும் கொஞ்சம் அசிங்கமா இருந்திருக்கலாம்” என்றார் வருத்தத்தோடு.

அசிங்கம் எதற்கு என்றால், ஜாந்தோஸ்.

ஜாந்தோஸ் கல்கமானின் அக்கா மகன். அக்கா மகன் வாய்விட்டுக் கேட்டால் தாய்மாமன் எதையும் மறுக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம், அது மூன்று தடவை வரைக்கும். மறுத்தால் மாமனுக்குக் கை நடுக்கம் வந்துவிடும். மந்தைக் காவல்காரனுக்குக் கை நடுங்கினால் அப்புறம் துப்பாக்கி இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

ஜாந்தோஸ் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. வாய் நிறைய மாமா என்பான். அவன் பேராசைக்காரனும் அல்ல, ரசிகன். அவன் ஒரு பொருளைப் பாராட்ட ஆரம்பித்தால் அந்தப் பொருளே எழுந்து அவன் பின்னால் போய்விடும். பதினைந்து வயதில் வந்து மாமாவின் சாம்பல் குதிரையின் நடையைப் பாராட்டினான். குதிரை போயிற்று. ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்து வேட்டை நாயின் மூக்கைப் பாராட்டினான். நாயும் போயிற்று. இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கிறது. அந்த ஒரு தடவை தலைக்கு மேலே கத்தியாகத் தொங்க, கல்கமான் ஏழு வருஷமாக நல்லதாக எதையுமே வாங்கவில்லை.

துப்பாக்கியைப் பார்த்ததும் அவர் மனைவி ரபிகா ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள். “என்னங்க இது, கல்யாணப் பொண்ணாட்டம் மின்னுது! ரெண்டு காளையை வித்து மாப்ளைக்குச் சீர் வாங்கிட்டு வந்தீங்களா?”

“அதுக்குத்தான் வழி பண்ணப் போறேன். போன வருஷம் தரைக்கு அடிச்ச பெயின்ட் மிச்சம் இருக்கா?”

இருந்தது. பழைய செங்கல் நிறம். கல்கமான் குழலின் வாயைத் துணியால் அடைத்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மற்ற இடமெல்லாம் தாராளமாகப் பூசினார். கட்டையில் டிராக்டர் டியூபை வெட்டிச் சுற்றிக் கம்பியால் முறுக்கினார். காயட்டும் என்று ஆட்டுக்கொட்டகை வேலியில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தால் ஆடுகள் அதன்மேல் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கின்றன. ஈரப் பெயின்ட்டில் ஒரு கை கம்பளி ஒட்டிக்கொண்டுவிட்டது. சிரங்கு பிடித்த ஏதோ ஒரு பிராணியின் கால் மாதிரி இருந்தது துப்பாக்கி.

ரபிகா வாயைப் பொத்திக்கொண்டாள். கல்கமானுக்கோ ஆனந்தம். “இதைப் பாராட்டட்டும் பாக்கலாம் உன் மாப்ளை!”

முதலில் பார்த்தவன் பக்கத்து வீட்டு முகாஷ்.

“அண்ணே, என்ன அது?”

“துப்பாக்கி.”

“முடி முளைச்சிருக்கு?”

கல்கமான் உள்ளூரக் குளிர்ந்துபோனார். முகத்தை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டார். “அதை ஏன்டா கேக்கறே. வாங்கிட்டு வர்ற வழியில ஆத்துல விழுந்துடுச்சு. ரெண்டு நாள் தண்ணிக்குள்ளயே கிடந்துச்சு. தேடி எடுத்தேன். அதான் இப்படித் துருவேறி நாசமாப் போச்சு.”

“அடடா! அப்ப இந்தக் குளிருக்கு மந்தை? மறுபடியும் பதினோரு ஆடா? அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, நான் ஊர்ல சொல்லித்தான் ஆகணும். வேற ஆளைப் பாக்கட்டும்.”

கல்கமானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பக்கத்தை அவர் யோசிக்கவே இல்லை. மருமகனுக்கு அது உதவாத துப்பாக்கியாக இருக்க வேண்டும், ஊருக்கு உதவுகிற துப்பாக்கியாக இருக்க வேண்டும். துப்பாக்கியோ ஒன்றுதான்.

“சுடும்டா! யாரு சுடாதுன்னா? நல்லாவே சுடும்.”

“ரெண்டு நாள் ஆத்துக்குள்ள கிடந்துமா?”

“ஆ...மா.”

முகாஷின் வாய் திறந்தது, மூடவில்லை. கம்பளி ஒட்டிய அந்தக் குழலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டான். “என்ன துப்பாக்கிண்ணே இது!”

முகாஷுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் தேநீர் ஆறுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். சாயங்காலத்துக்குள் இரண்டு நாள் ஒரு வாரமாகிவிட்டது. மறுநாள் காலையில் கிணற்றடியில் ஒருத்தி ரபிகாவிடம், “உங்க வீட்டுத் துப்பாக்கி தண்ணிக்குள்ளயே சுடுமாமே?” என்று கேட்டாள்.

“பாத்தீங்களா? இது ஜாந்தோஸ் காதுல விழுந்தா இன்னிக்கே கெளம்பி வந்துடுவான்” என்று ரபிகா வீட்டுக்கு வந்து குதித்தாள்.

கல்கமான் இரவு முழுக்க யோசித்து ஒரு நடுவழி கண்டுபிடித்திருந்தார். துப்பாக்கி சுடும், ஆனால் குறி தப்பும். முப்பத்திரண்டு வருஷம் மலையில் இருந்தவன் அந்தத் தப்பை அனுசரித்துச் சுட்டுக்கொள்வான் என்று ஊர் நம்பும். டவுனில் இருக்கும் மருமகனுக்கு அப்படிப்பட்ட துப்பாக்கி எதற்கு? அவரே தன் புத்தியை மெச்சிக்கொண்டு முகாஷ் வீட்டுக்குப் போனார்.

“டேய், நேத்து ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. இது ஆத்துல மட்டும் விழல. அதுக்கு முன்னால பாறை மேலேர்ந்து விழுந்துதான் ஆத்துக்கே போச்சு. அதனால இப்ப இடது பக்கமா இழுக்குது. ஒரு முழம் இழுக்குது.”

“பாறை மேலேர்ந்தா? குடுங்க பாப்போம்” என்று முகாஷ் வாங்கிக்கொண்டான்.

கல்கமான் பயப்படவில்லை. முகாஷ் துப்பாக்கியைத் தூக்கினால் குறிவைத்த பொருளைத் தவிர மற்ற எல்லாம் ஒளிந்துகொள்ள வேண்டும். நூற்றைம்பது அடி தள்ளி மலையடிவாரத்தில் ஒரு ஓட்டை வாளியைக் கவிழ்த்து வைத்தார்கள். முகாஷ், இடது பக்கம் இழுக்கும் என்பதையே மறந்து நேராக வைத்துச் சுட்டான். வாளி டங்கென்று எகிறி உருண்டது. போய்ப் பார்த்தால் அடிப்பாகத்தின் நட்ட நடுவில் ஓட்டை.

முகாஷ் பிறந்ததிலிருந்து சுட்டு விழுந்த முதல் குறி அது. வாளியை மார்போடு அணைத்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர். “பாறையிலேர்ந்து விழுந்து, ஆத்துல ஊறி... அதுக்கப்புறமும் என் கையிலயே சுடுதுன்னா, அண்ணே, இது துப்பாக்கி இல்ல.”

“துப்பாக்கிதான்டா, தயவு செஞ்சு...”

ஆனால் முகாஷ் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

அந்த வாரத்தில் துப்பாக்கி ஏறாத மலை இல்லை, விழாத பள்ளம் இல்லை. அதைக் குதிரை மிதித்ததாம், கரடி கடித்ததாம். கடைசியில் லாரி ஏறியதாம். தாஸ்கெமரில் இருப்பது ஒரே லாரி. அதன் சொந்தக்காரன் சாபிர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கோல் பாரத்தோடு நேராகக் கல்கமான் வீட்டு வாசலில் வந்து நிறுத்தினான். பின்னாலேயே பாதி ஊர் வந்தது.

“என் லாரி உங்க துப்பாக்கி மேல ஏறுச்சுன்னு ஊரே பேசுது. நான் எப்பய்யா ஏத்தினேன்?” என்று இறங்கும்போதே கத்தினான் சாபிர்.

“நான் அப்படிச் சொல்லவே இல்லியே!”

“அப்ப முகாஷ் பொய் சொல்றானா?”

“நான் ஏன் பொய் சொல்றேன்? ஆத்துல விழுந்ததைச் சொன்னது அவர்தான், பாறையைச் சொன்னதும் அவர்தான். லாரியும் அவர் சொன்னதாத்தான் இருக்கும்” என்றான் முகாஷ்.

கூட்டத்திலிருந்து கால்நடை மருத்துவர் தொண்டையைக் கனைத்தார். “லாரி பொய்னா ஆறும் பொய், பாறையும் பொய். இவ்வளவு பொய் சொல்றவர் கையில எப்படி மந்தையைக் குடுக்கறது? அடுத்த வாரம் கூட்டம் வேற இருக்கு.”



சாபிர் தலையைச் சொறிந்தான். அவன் சண்டைக்காரன் அல்ல, நியாயம் பார்க்கிறவன். “இதுல என்ன குழப்பம்? ஏறலன்னா இப்ப ஏத்திட்டாப் போச்சு. அப்புறம் யாரும் பொய் சொன்னதா ஆகாது.”

ஊருக்கே இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது.

ரபிகா கல்கமானின் காதோரம் வந்தாள். “வெச்சுத் தொலைங்க. ஒடைஞ்சா மாப்ளையாவது கேக்க மாட்டான்.”

“ஒடைஞ்சா மந்தை போச்சுடி! ரெண்டு காளையும் போச்சு!”

“ஒடையலன்னா?”

“ஒடையலன்னா துப்பாக்கி போச்சு.”

முதல் நாள் பெய்த மழையில் தெரு களியாகக் கிடந்தது. இருப்பதிலேயே மெத்தென்ற சேறாகப் பார்த்து, தோட்டா இல்லை என்பதை இரண்டு தடவை சரிபார்த்து, கல்கமான் துப்பாக்கியைக் கிடத்தினார். தொட்டிலில் பிள்ளையைப் போடுவது மாதிரிதான் போட்டார். சாபிர் லாரியை எடுத்தான். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரங்கள் இரண்டும் ஏறின, இறங்கின. லாரி போன இடத்தில் துப்பாக்கியைக் காணோம். சேறு மட்டும் குபுக் குபுக் என்றது.

கல்கமான் முட்டிபோட்டுக் கையை விட்டுத் துழாவி அதை வெளியே இழுத்தார். ரபிகா கெட்டில் கெட்டிலாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். சேற்றோடு செங்கல் பெயின்ட்டும் கம்பளியும் பாதி உரிந்துவந்தன. கல்கமான் போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் கம்பியும் துணியும் விட்டு நான்கு தடவை இழுத்து, வானத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தார். குழல் நேராக இருந்தது. சின்னதாக, வட்டமாக, சுத்தமாக மறுமுனையில் வானம் தெரிந்தது.

முகாஷ் ஓடிப்போய் அந்த வாளியையே கொண்டுவந்து வைத்தான். கல்கமான் தோட்டாவைப் போட்டார். இழுத்து மூடினார். அதே சத்தம், கடையில் நெஞ்சுக்குள் கேட்ட அதே சத்தம். சுட்டார். வாளி மறுபடி எகிறியது.

முன்னால் நின்ற கிழவர் ஒருவர் தலையிலிருந்த மயிர்த்தோல் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் கழற்றினார்கள். சாபிர் லாரியிலிருந்து இறங்கி நேராகப் போய் டயரைக் குனிந்து பார்த்தான்.

“டயருக்கு ஒண்ணும் ஆகலியே?” என்று கவலையாகக் கேட்டார் கால்நடை மருத்துவர்.

கல்கமான் மட்டும் அசையாமல் நின்றார். ஆறு பொய், பாறை பொய், குதிரையும் கரடியும் பொய். இதெல்லாம் அவருக்கும் ரபிகாவுக்கும்தான் தெரியும். ஆனால் லாரி நிஜம். தான் வாய்க்கு வந்தபடி அளந்த ஒரு பொருள், அளந்ததற்கும் மேலாக இருந்துவிட்டால் மனுஷன் என்ன செய்வான்? அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படி ஒன்றைப் போய்த் தரைப் பெயின்ட் அடித்துக் கேவலப்படுத்தினோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் மலைமேலிருந்து மழையும் பனியும் கலந்து சாய்வாக அடித்தது. அடித்தது அப்படியே ஆட்டு முதுகிலும் குதிரைப் பிடரியிலும் உறைந்தது. மந்தையை இறக்கிக்கொண்டிருந்தபோது ஓரத்து ஆடுகள் திடீரென்று உள்பக்கம் நெருக்கின. கல்கமான் திரும்பினார். அறுபது அடியில் நின்றது ஓநாய். அவரைப் பார்த்தும் அது நகரவில்லை. போன வருஷத்து ஓநாயேதானோ என்னவோ, இந்த மனிதரிடமிருந்து ஒரு ‘டிக்’ வரும் என்று அது காத்திருப்பது போலத்தான் இருந்தது.

துப்பாக்கி மேல் விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி. கையுறையோடு போல்ட்டைப் பிடித்து இழுத்தார். கட்டி நொறுங்கி உதிர்ந்தது, போல்ட் வந்தது. விசையை அமுக்கும்போது கல்கமான் கண்ணையே மூடிக்கொண்டார் என்பதை ரபிகாவிடம்கூட அவர் சொன்னதில்லை. மலை முழுக்க எதிரொலித்தது. கண்ணைத் திறந்தபோது ஓநாய் விழுந்து கிடந்தது. ஆடுகளை எண்ணினார். எல்லாம் இருந்தன.

அந்தப் பனியில் குதிரை மேல் உட்கார்ந்து, சிரங்கு பிடித்த அந்தத் துப்பாக்கியைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, “என் தங்கமே” என்றார். சத்தமாகவே சொன்னார். கேட்க ஆடுகள்தானே இருந்தன.

ஊர்க் கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்தது. மந்தை கல்கமானுக்கே. அதில் பத்து நிமிஷம் முகாஷ் வாளியைக் காட்டிப் பேசியது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

“மாமா! ஜாந்தோஸ் பேசறேன். உங்க துப்பாக்கி கதையைக் கேட்டேன். டவுன் பூரா அதே பேச்சு. ஞாயித்துக்கிழமை குல்சீமையும் கூட்டிக்கிட்டு வர்றேன். உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்.”

கல்கமான் போனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் சரிந்தார். ரபிகா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“ஒளிச்சு வெச்சுடலாமா?” என்றாள் ரபிகா.

“ஊரே சொல்லியாச்சு. எதை ஒளிக்கறது?”

“அப்ப ஒரே வழிதான். உறுதியான துப்பாக்கிதான், இல்லைங்கல. ஆனா நம்ம வீட்டுல அதுக்கு மரியாதையே இல்லைன்னு காட்டணும். தொடவே அருவருப்பா இருக்கணும் அவனுக்கு.”

கல்கமான் மனைவியை வியந்து பார்த்தார். முப்பத்தாறு வருஷம் இந்த மூளையோடா குடித்தனம் நடத்தினோம்!

ஞாயிற்றுக்கிழமை ஜாந்தோஸ் வந்து இறங்கினான். கொழுகொழுவென்று, சிரித்த முகம், கட்டிப் பிடித்தால் விலா எலும்பு நோகும். பின்னால் அவன் பெண்டாட்டி குல்சீம் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தாள். ஆட்டுக்கறியும், குடலில் அடைத்து வேகவைத்த குதிரைக்கறியான காஸித் துண்டுகளும் தட்டு நிறைய ஆவி பறந்தன. விருந்தாளியைப் பார்க்கிற சாக்கில் முகாஷும் வந்து உட்கார்ந்துகொண்டான்.

“எங்க மாமா அந்தத் துப்பாக்கி?”

“எது? ஓ, அதுவா? ரபிகா, அது எங்கடி கிடக்கு?”

“ஈரத்துணி காயப் போட்டிருக்கேன், இருங்க” என்று ரபிகா அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தாள். அடுப்புக்கு மேலே குறுக்காகக் கட்டியிருந்த துப்பாக்கியிலிருந்து இரண்டு காலுறையையும் ஒரு பாவாடையையும் எடுத்துவிட்டு அதைக் கொண்டுவந்து தரையில் தடாலென்று போட்டாள். குல்சீம் பயந்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஜாந்தோஸின் சிரிப்பு பாதியில் நின்றது.

கல்கமான் உற்சாகமானார். வெறும் துப்பாக்கிதான், தோட்டாக்கள் பெட்டிக்குள் பூட்டி இருந்தன. அதை எடுத்து அடுப்புக் கதவைத் தள்ளித் திறந்தார். குழல் முனையால் தணலைக் கிளறினார். அவர் நெஞ்சில் ரத்தம் கசிந்தது, முகத்தில் காட்டவில்லை. பிறகு எழுந்து, சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஆணியைத் துப்பாக்கிக் கட்டையால் ரெண்டு போடு போட்டு இறக்கிவிட்டு, அதைத் திரும்பத் தரையில் போட்டார்.

“மாமா!” என்றான் ஜாந்தோஸ்.

“என்ன மாப்ள?”

“எந்தத் துப்பாக்கியையும் இப்படித்தான் வெச்சிருப்பீங்களா?”

“பின்ன? துப்பாக்கின்னா என்ன, சாமியா? என் வீட்டுக்குள்ள எது வந்தாலும் இதே கதிதான்.”

“நல்லதா, புதுசா ஒண்ணு வந்தாக்கூடவா?”

“வந்து பாக்கட்டும்! ஒரே வாரத்துல அதையும் இப்படி ஆக்கிடுவேன்” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார் கல்கமான்.

“ஆமா, ஆமா. லாரியே ஏத்தினாரே!” என்று முகாஷ் பெருமையாக எடுத்துக்கொடுத்தான்.

ஜாந்தோஸ் எழுந்து வெளியே போனான். காரின் பின்கதவருகே கொஞ்ச நேரம் நின்றான். உள்ளே வந்து கறித் தட்டைப் பார்த்தான், சாப்பிடவில்லை. மறுபடி எழுந்து போய்க் காரருகே நின்றான். கேட்க வாய் வராமல் தவிக்கிறான் என்று கல்கமான் ரபிகாவுக்குக் கண்ணைக் காட்டினார். திரும்பி வந்த ஜாந்தோஸ் முகாஷிடம் மெதுவான குரலில் ஏதோ கேட்டான். முகாஷ் பலமாகத் தலையாட்டினான், பக்கத்தில் தன் வீட்டைக் கையால் காட்டினான்.

தேநீர்கூட முழுக்கக் குடிக்காமல் ஜாந்தோஸ் கோட்டை மாட்டினான். “வர்றேன் மாமா. இருட்டறதுக்குள்ள கணவாயைத் தாண்டணும். குல்சீம், நான் முகாஷ் வீடு வரைக்கும் போயிட்டுக் காரைத் திருப்பிக்கிட்டு வந்துடறேன். நீ ரெடியா இரு.”

கல்கமானுக்குப் பொறுக்கவில்லை. ஏழு வருஷ பாரம். கேட்டே விட்டார். “மாப்ள, போன்ல ஏதோ கேக்கணும்னியே? மூணாவது பாக்கி இருக்கே?”

ஜாந்தோஸ் தரையில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மரியாதையும் இருந்தது, பயமும் இருந்தது. “இருக்கட்டும் மாமா. இனிமே உங்ககிட்ட நான் எதையும் கேக்கறதா இல்ல” என்று சொல்லி, கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதுதான் தாமதம், கல்கமான் துப்பாக்கியை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். சட்டைக் கையால் சாம்பலைத் துடைத்தார். “கேக்கலடி! கேக்கவே மாட்டானாம்! நம்மளோடது! ஆயுசுக்கும் நம்மளோடது!” ரபிகா ஈரப் பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள், அழுதாள். குல்சீம் ஒருத்தி அங்கே சால்வையைச் சுற்றிக்கொண்டு நிற்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள்.

குல்சீமுக்கு எதுவும் விளங்கவில்லை. நல்ல பெண் என்பதால் விளங்கியது போலச் சிரித்து வைத்தாள்.

கல்கமான் சந்தோஷத்தில் ஜன்னல் பக்கம் போனார். முகாஷ் வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. ஜாந்தோஸ் பின்கதவைத் திறந்து, கம்பளத்தில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்றை இரு கைகளிலும் ஏந்தி எடுத்தான். முகாஷ் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, அதை வாங்கினான்.

“ஏம்மா குல்சீம், என்னம்மா அது? முகாஷ் கையில என்னத்தைக் குடுக்கறான் உன் புருஷன்?”

“அவரோட துப்பாக்கி மாமா, போன மாசம் வாங்கினது. மழை, பனி, எதுக்கும் அசையாதாம். இவரோட அக்கா பையன் மூணாவது தடவை கேக்க நாளைக்கு வர்றான். அவன் கண்ணுல படறதுக்கு முன்னாடி, மாமா உங்களோடதாவே வெச்சுக்குங்கன்னு உங்ககிட்ட கேட்டுக் குடுத்துட்டுப் போகத்தான் நூத்தைம்பது கிலோமீட்டர் வந்தோம்.”